இரண்டு கட்டடங்களுக்கு நடுவே

காலை 5 மணிக்கு ஒரு வங்கிக் கிளை. 6.30க்கு அது முடியும். வாளி, மொப், தூசு உறிஞ்சும் இயந்திரம் எல்லாவற்றையும் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நகரின் மறுபக்கம் ஓடினால் 6.55க்கு ஒரு பல் மருத்துவர் நிலையம். நோயாளிகள் வருமுன் அங்கே தரை காய்ந்திருக்க வேண்டும். 7.55க்குக் கிளம்பி 8.15க்கு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டுகள். 9.45க்கு அதையும் முடித்து, 10.05க்கு ஒரு சிறு தொழிற்சாலையின் கழிப்பறைகளும் உடைமாற்றும் அறைகளும். 11.35க்கு வேலை ஓய்கிறது.

ஜேர்மனியின் ரூர் பகுதியில் ஒரு துப்புரவுக் குழுவின் முற்பகல் பெரும்பாலும் இப்படித்தான் போகும். துடைத்த நேரத்தை மட்டும் கூட்டினால் ஐந்தரை மணித்தியாலம். கடிகாரத்தைக் கேட்டால் 6 மணித்தியாலம் 35 நிமிடம். நடுவில் காணாமல் போகும் 65 நிமிடங்களும் வானுக்குள் கழிந்தவை. அந்த 65 நிமிடங்களைச் சம்பளத் தாளில் ஏற்றுவதையே தன் உத்தியோகமாக ஆக்கிக்கொண்ட ஒருவரின் அனுபவம் இது.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளின் கடைசியில் அகதியாக வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு துப்புரவு வேலைக்கு மாறியவர். இன்று ஒரு நடுத்தர நிறுவனத்தில் பல குழுக்களுக்கு மேற்பார்வையாளர். டோர்ட்முண்ட், போகும், ஹம் என்று அவருடைய கட்டடங்கள் பரந்து கிடக்கின்றன. குழுக்களில் தமிழர் உண்டு. துருக்கியர், சிரியர், ருமேனியர், போலந்துக்காரர் உண்டு. தமிழர் அவரை ‘அண்ணை’ என்பார்கள், மற்றவர்கள் ‘ஷெஃப்’ என்பார்கள். ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலுக்குத் தேர் பார்க்க வரும் கூட்டத்தில், தானோ தன் வீட்டில் ஒருவரோ இந்த வேலையைச் செய்யாத குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கடினம் என்கிறார். புலம்பெயர்ந்த முதல் தலைமுறை வீடு கட்டியதும் பிள்ளைகளைப் படிப்பித்ததும் ஊருக்குக் காசு அனுப்பியதும் பெரும்பாலும் சமையலறைக் காசிலும் துடைத்த காசிலும்தான்.

ஜேர்மனியில் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் கட்டடத் துப்புரவுத் துறையில் இருக்கிறார்கள். கைத்தொழில்களில் அதிகம் பேருக்கு வேலை கொடுப்பது இதுவே. பெரும்பாலானோர் பெண்கள், பெரும்பாலானோருக்குப் பகுதிநேர வேலை. ஓர் ஆலையிலோ அலுவலகத்திலோ வேலை செய்பவருக்கு வாசலில் அட்டை தட்டும் இயந்திரம் இருக்கிறது. நாலு இடம் ஓடித் துடைப்பவருக்கு எந்த வாசல்? இந்தத் தொழிலின் சிக்கல் முழுவதும் அங்கேதான் தொடங்குகிறது.

அவர் வேலைக்கு வந்த புதிதில் இருந்த ஒரு நிறுவனத்தில் மணிக் கணக்கே கிடையாது. சதுர மீட்டர்க் கணக்குத்தான். அலுவலகத் தரை என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு 200 சதுர மீட்டர் என்று யாரோ மேசையில் இருந்து தீர்மானித்திருப்பார்கள். 500 சதுர மீட்டர் உள்ள தளத்துக்கு இரண்டரை மணித்தியாலச் சம்பளம். முதல் நாள் இரவு அங்கே விருந்து நடந்து தரை முழுக்கத் தாளும் போத்தலுமாகக் கிடந்தாலும் அதே இரண்டரை. பனிக்காலத்தில் சப்பாத்தில் ஒட்டி வரும் உப்பு தரையெல்லாம் வெள்ளையாகப் படிந்து, ஒரே இடத்தை இரண்டு தரம் துடைக்க வேண்டி வந்தாலும் அதே இரண்டரை. விடுதி அறைகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்களில் இது ‘அறைக்கு இவ்வளவு’ என்ற உருவில் இருந்தது. வாடிக்கையாளரிடம் ஒப்பந்தத்தைப் பிடிக்க விலையைக் குறைத்தவர்கள், குறைத்த பணத்தைத் தொழிலாளியின் நேரத்தில் இருந்து எடுத்தார்கள். இதை அவர் எந்தக் கோபமும் இல்லாமல் சொல்வதில்லை.

2015 ஜனவரி 1இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மணித்தியாலத்துக்கு 8.50 யூரோ என்ற தொகையைத்தான் செய்திகள் பெரிதாகப் பேசின. துப்புரவுத் துறைக்கு அதற்கு முன்பே தனிக் குறைந்தபட்ச ஊதியம் இருந்தது. தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் போட்ட ஒப்பந்தத்தை 2007 முதல் அரசு முழுத் துறைக்கும் கட்டாயமாக்கி வருகிறது. 2025இல் பொதுக் குறைந்தபட்ச ஊதியம் 12.82 யூரோ, துப்புரவாளருக்கு 14.25, கண்ணாடி, முகப்புத் துப்புரவு செய்வோருக்கு 17.65 என்று இருந்தது. ஆனால் அவரைப் பொறுத்தவரை 2015 சட்டத்தின் உயிர் அதன் 17ஆம் பிரிவில் இருக்கிறது. வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், மொத்த நீளம் மூன்றையும் ஏழு நாட்களுக்குள் எழுத வேண்டும். எழுதியதை இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எல்லாத் தொழிலுக்கும் அல்ல, கணக்கில் காட்டாத களவு வேலை அதிகம் நடக்கும் என்று சட்டம் பெயர் சொல்லிக் குறித்த சில துறைகளுக்கும், மினிஜொப் எனப்படும் சிறுவேலை செய்பவர்களுக்கும் இது கட்டாயம். கட்டடத் துப்புரவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. எழுதாவிட்டால் 30,000 யூரோ வரை அபராதம். ஊதியத்தையே குறைத்துக் கொடுத்தால் 5 இலட்சம் வரை.

மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று சட்டம் எவ்வளவு உயர்த்தினாலும், எத்தனை மணித்தியாலம் என்பதை முதலாளி ஒருவரே எழுதுகிற வரைக்கும் அந்தத் தொகைக்குப் பொருள் இல்லை. இதை விளங்கிக்கொண்டு சட்டம் எழுதியவர்களை அவர் இன்றும் மெச்சுகிறார்.

சட்டத்தில் ஓர் இடைவெளியும் உண்டு. முழுக்க நடமாடும் வேலை செய்கிறவர்களுக்கு மொத்த நேரத்தை மட்டும் எழுதினால் போதும், தொடக்கமும் முடிவும் வேண்டாம் என்று ஒரு துணை விதி சொல்கிறது. ‘எங்கட ஆக்களும் வானிலதானே திரியினம், எங்களுக்கும் அது பொருந்தும்’ என்று பல முதலாளிகள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் அந்த விதியைக் கடைசி வரி வரை வாசித்தவர். வேலை நடமாடுவதாக இருந்தால் மட்டும் போதாது. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்று நிறுவனம் சொல்லியிருக்கக் கூடாது. அன்றைய நாளைத் தொழிலாளியே தன் விருப்பப்படி ஒழுங்குபடுத்துபவராக இருக்க வேண்டும். வங்கி 5 மணிக்கு, பல் மருத்துவர் 6.55க்கு என்று அட்டவணை போட்டுக் கையில் கொடுத்த பிறகு அந்தச் சலுகையைக் கேட்க முடியாது. அவருடைய குழுக்கள் ஆரம்பம் முதலே மூன்றையும் எழுதுகின்றன.

எழுதுவது என்றால் தாளில். மாத முதல் நாள் ஆளுக்கொரு தாள், மாதக் கடைசியில் அதைச் சேர்ப்பது. அந்தத் தாள்களைப் பார்த்தே ஒரு குழுவின் நிலைமையைச் சொல்லிவிடலாம் என்கிறார். உண்மையாக நாளுக்கு நாள் எழுதிய தாளில் பேனை மாறும், எழுத்து சாயும், ஒரு மூலையில் சவர்க்காரத் தண்ணீர் பட்ட தடம் இருக்கும், 5.04 என்றும் 8.11 என்றும் இலக்கங்கள் ஒழுங்கில்லாமல் வரும். மாதக் கடைசியில் ஒரே மூச்சில் நிரப்பிய தாளில் முப்பது வரியும் 5.00 – 8.00. நவம்பர் 1, சகல புனிதர் திருநாள், நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்தில் பொது விடுமுறை, அன்றைக்கும் 5.00 – 8.00. இதைவிட மோசமான சான்று ஒன்று உண்டு. ஒரே ஆள் 6.30க்கு ஒரு கட்டடத்தில் முடிக்கிறார், அதே 6.30க்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி இன்னொரு கட்டடத்தில் தொடங்குகிறார்.

சுங்கத்துறை அதிகாரிகள் முதலில் தேடுவதும் அதைத்தான். ஜேர்மனியில் களவு வேலையைப் பிடிக்கும் பொறுப்பு சுங்கத்துறையின் தனிப் பிரிவு ஒன்றிடம் இருக்கிறது. சீருடையில் வருவார்கள். முன்னறிவித்தல் கிடையாது, சந்தேகம் இருக்க வேண்டும் என்பதும் கிடையாது. ஒவ்வொருவரையும் தனித்தனியே நிறுத்திக் கேட்பார்கள்: எப்போது தொடங்கினீர்கள், இதற்கு முன் எங்கே இருந்தீர்கள், எப்படி வந்தீர்கள், மணித்தியாலத்துக்கு எவ்வளவு? இந்தத் துறையில் வேலை நேரத்தில் கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ கையில் இருக்க வேண்டும். புதிய ஆள் என்றால் வேலை தொடங்கும்போதே சமூகக் காப்புறுதிக்கு அறிவித்திருக்க வேண்டும். பிறகு நிறுவனத்துக்குக் கடிதம் வரும். நேரத் தாள்கள், சம்பளக் கணக்கு, ஒப்பந்தங்கள், வாடிக்கையாளருக்கு அனுப்பிய பற்றுச்சீட்டுகள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

முதல் தடவை சோதனை வந்தபோது குழுவில் இருந்த தமிழ்ப் பெண் ஒருவருக்குக் கை நடுங்கியதாம். சீருடை என்றால் ஊரில் நடந்ததெல்லாம் நினைவுக்கு வரும் தலைமுறை அது. “அக்கா, பயப்பிடாதேங்கோ. அவை உங்களைப் பிடிக்க வரேல்லை. உங்கட சம்பளம் சரியா வருதோ எண்டு பாக்க வந்திருக்கினம்” என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் குழுவின் தாளில் வான் ஓட்டமும் எழுதப்பட்டிருந்தது. அதிகாரி கேட்டதும் அதைத்தான், பார்த்து முடித்ததும் அதோடுதான்.

இனி அந்த 65 நிமிடங்களுக்கு வருவோம். ஒரு வேலைத்தலத்தில் இருந்து இன்னொன்றுக்கு நிறுவனம் அனுப்பிப் போகிற நேரம் வேலை நேரமே. இதில் ஜேர்மன் நீதிமன்றங்களுக்குக் குழப்பம் இல்லை. 2025இன் 14.25 யூரோப்படி 65 நிமிடம் 15.44 யூரோ. மாதம் 21 நாள் என்றால் 324 யூரோ, ஒருவருக்கு. மூன்று பேர் உள்ள வானில் மாதம் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. துப்புரவுத் தொழிலில் இலாபம் ஒடுக்கமானது. ஓட்ட நேரத்தை விழுங்கும் நிறுவனம் விலையில் மற்றவரை வென்றுவிடும், அதைக் கொடுக்கும் நிறுவனம் தோற்கும். முறையாக நடத்துகிற முதலாளியைக் காப்பாற்றவும் இந்தச் சட்டம் வேண்டும் என்று அவர் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

பணம் மட்டுமல்ல. ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட இடைவேளை, ஒன்பதுக்கு மேல் என்றால் 45 நிமிடம். குறைந்தது 15 நிமிடத் துண்டுகளாகப் பிரிக்கலாம். இடைவேளை இல்லாமல் ஆறு மணித்தியாலத்தைத் தாண்டி யாரையும் வேலை வாங்கக் கூடாது. மேலே சொன்ன முற்பகலை மீண்டும் பாருங்கள். ஐந்தரை மணித்தியாலம் என்று எழுதினால் இடைவேளை தேவையில்லை. 6 மணித்தியாலம் 35 நிமிடம் என்று எழுதினால் கட்டாயம் தேவை. ஓட்டத்தை மறைப்பவர்கள் சம்பளத்தோடு சேர்த்துத் தேநீர் குடிக்கும் நேரத்தையும் மறைக்கிறார்கள். வானில் போவது ஓய்வுதானே என்பவர்களிடம் அவர் கேட்பது: வண்டி ஓட்டுபவருக்கு எங்கே ஓய்வு? பக்கத்தில் இருப்பவர் அந்த நேரத்தில் கடைக்குப் போக முடியுமா, பிள்ளையைப் பள்ளியில் விட முடியுமா?

வீட்டில் இருந்து முதல் கட்டடத்துக்குப் போகும் நேரம் கொஞ்சம் வேறு கதை. ஸ்பெயினில் பாதுகாப்புக் கருவிகள் பொருத்தும் ஒரு நிறுவனம் 2011இல் தன் பிராந்திய அலுவலகங்களை மூடியது. அதுவரை அலுவலகத்தில் தொடங்கிய வேலைநாள், அதன்பிறகு முதல் வாடிக்கையாளர் வீட்டில்தான் தொடங்குவதாகக் கணக்கு வைத்தார்கள். சில நாட்களில் தொழில்நுட்பவியலாளர் நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டியிருந்தது. லக்சம்பேர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 2015 செப்டெம்பர் 10இல் தீர்ப்புச் சொன்னது: நிலையான வேலைத்தலம் இல்லாதவர்களுக்கு வீட்டில் இருந்து முதல் வாடிக்கையாளருக்கும், கடைசி வாடிக்கையாளரிடம் இருந்து வீட்டுக்கும் போகும் நேரமும் வேலை நேரம். அந்தத் தீர்ப்பு நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் வேலை வாங்கலாம் என்பதைப் பற்றியது. அந்த நேரத்துக்கு என்ன கூலி என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கு விட்டுவிட்டது. செலவைக் குறைக்கப் பண்டகசாலையை மூடிவிட்டு ‘வானை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் துப்புரவு நிறுவனங்கள் இதைக் கவனிக்க வேண்டும். அவர் தன் நிறுவனத்தில் பண்டகசாலையைத் தக்கவைத்துக்கொண்டார். அங்கே திறப்பை எடுக்கும் நிமிடத்தில் நேரம் தொடங்கும்.

இந்தத் தொழிலில் மிகக் கடினமான விதி எது என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வருகிறது: பதினொரு மணித்தியால ஓய்வு. ஒரு வேலைநாள் முடிந்து அடுத்தது தொடங்குமுன் இடையறாமல் 11 மணித்தியாலம் ஓய்வு வேண்டும் என்கிறது 1994ஆம் ஆண்டின் வேலைநேரச் சட்டம். ஆனால் அலுவலகங்கள் துப்புரவாளரைக் கண்ணில் காண விரும்புவதில்லை. ஊழியர் வருமுன் விடியற்காலையில், இல்லையேல் அவர்கள் போன பின் இரவில் என்பார்கள். இரவு 9.30க்கு முடிப்பவர் மறுநாள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது. உண்மையில் அவரே காலை 5 மணிக்கு இன்னொரு கட்டடத்தில் நிற்பார். ஏழரை மணித்தியால இடைவெளியில் வீடு போய், சமைத்து, நித்திரை கொண்டு, திரும்ப வர வேண்டும்.

இரண்டு கட்டடமும் இரண்டு நிறுவனங்களுடையவை என்றால்? அப்போதும் சட்டம் ஒன்றே. பல முதலாளிகளிடம் செய்யும் வேலை நேரங்களைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். நாளுக்கு எட்டு மணித்தியாலம், பிறகு ஈடுசெய்வதாக இருந்தால் பத்து, அதற்கு மேல் இல்லை. ஆனால் யார் யாரிடம் சொல்வது? “வேற எங்கயும் வேலை செய்யிறீங்களோ?” என்று கேட்டால் உள்ளதைக் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் இல்லை என்றே பதில் வரும். அவர் கேட்கும் விதத்தை மாற்றினார். “இஞ்ச எத்தினை மணித்தியாலம் தந்தா மற்ற வேலையை விடுவீங்கள்?” அதன்பிறகு உண்மை வந்தது.

அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவர் போன இடம் வாடிக்கையாளரிடம். காலை 5 மணிக்குப் பதில் 8.30க்குத் துடைக்க அனுமதியுங்கள் என்று கேட்டார். சத்தம் வரும், ஈரத் தரையில் யாராவது வழுக்குவார்கள், இரகசியக் கடதாசிகள் மேசையில் கிடக்கும் என்று மறுப்புகள் வந்தன. சத்தம் குறைந்த இயந்திரம் வாங்கினார். தாழ்வாரத்தைப் பாதி பாதியாகத் துடைக்க ஏற்பாடு செய்தார். கூட்ட அறைகளின் அட்டவணையைக் கேட்டு வாங்கினார். சில அலுவலகங்கள் இசைந்தன. ஸ்கண்டினேவிய நாடுகளில் பகலில் துடைப்பதே வழக்கம். ஜேர்மனியில் தொழிற்சங்கமும் முதலாளிமார் சங்கமும் இரண்டுமே அதை வேண்டுகின்றன. எல்லா இடத்திலும் முடியாது, சமையலறைக்கும் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் வேறு நேரம் வேண்டும். ஆனால் பகலுக்கு மாறிய இடங்களில் வேலை நேரம் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே நீட்டாக ஆனது, ஓட்டமும் குறைந்தது. தனக்கு ஊழியர்கள் பெயர் சொல்லி வணக்கம் சொல்லத் தொடங்கியதை ஒரு பெண் வந்து அவரிடம் சொல்லியிருக்கிறார்.

மினிஜொப் என்ற ஏற்பாட்டில் நேரக் கணக்குக்குச் சம்பளத்தைவிடப் பெரிய பயன் ஒன்று இருக்கிறது. 2025இல் மாதம் 556 யூரோ வரை உழைப்பவருக்குச் சலுகை இருந்தது. 14.25ஆல் வகுத்தால் 39 மணித்தியாலம். ஒரு பெண் மாதம் 13 நாள், நாளுக்கு 3 மணித்தியாலம், இரண்டு கட்டடங்களில் துடைக்கிறார் என்று வையுங்கள். எல்லைக்குள் கச்சிதமாக நிற்கும். இரண்டுக்கும் நடுவே 20 நிமிட ஓட்டத்தைச் சேர்த்தால் மாதச் சம்பளம் 617.50 யூரோ, எல்லை தாண்டிவிடும். உடனே நிறுவனம் சொல்லும்: “ஓட்டத்தை எழுதாதேங்கோ, மினிஜொப் போயிடும்.” தொழிலாளியும் அதை நல்லெண்ணமாக எடுத்துக்கொள்வார். எல்லை தாண்டினால் என்ன கிடைக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. சொந்த மருத்துவக் காப்புறுதி, வேலையின்மைக் காப்புறுதி, நல்ல ஓய்வூதியக் கணக்கு எல்லாம் அதற்கு மேல்தான் தொடங்குகின்றன; 2,000 யூரோ வரை தொழிலாளியின் பங்கும் குறைத்தே அறவிடப்படுகிறது. அறுபது வயதைத் தொட்ட எங்கள் பெண்கள் பலர் ஓய்வூதியக் கடிதத்தைத் திறந்து பார்த்துத் திகைப்பதன் காரணம் இந்த எழுதாத நிமிடங்களில் இருக்கிறது என்கிறார் அவர். கேட்கும்போது மனம் கனக்கிறது. எத்தனை வீடுகளில் இதே கடிதம்.

தாளில் இருந்து மின்னணுவுக்கு மாறிய கதையையும் சொல்ல வேண்டும். முதலில் கட்டடத்தில் இருக்கும் தொலைபேசியில் இருந்து ஓர் இலக்கத்துக்கு அழைப்பது, பிறகு சுவரில் ஒட்டிய கியூஆர் குறியீட்டைப் படம் எடுப்பது, இப்போது வில்லை. நாணயம் அளவில் ஒரு சிறு வில்லை, துப்புரவுச் சாமான் வைக்கும் அறையின் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும். நிறுவனம் கொடுத்த கைத்தொலைபேசியை அதில் தொட்டால் வந்த நேரம் பதியும், போகும்போது தொட்டால் முடிந்த நேரம். நிலவறையில் அலை கிடைக்காது. ஆகவே கருவி நேரத்தைத் தனக்குள் வைத்திருந்து மேலே வந்ததும் அனுப்ப வேண்டும். எழுத்து வாசிக்கச் சிரமப்படுபவருக்கும் இது இலகு. தாள் நிரப்ப எப்போதும் மகளின் உதவியைத் தேடிய ஒருவர் வில்லை வந்தபின் யார் உதவியும் இல்லாமல் தன் நேரத்தைத் தானே பதிகிறார்.

ஆனால் மென்பொருளை வாங்கியதும் அவர் முதலில் செய்தது அதன் மூன்று இயல்பான பழக்கங்களை நிறுத்தியது. கட்டடம் கட்டடமாக நேரத்தைக் கூட்டும் பழக்கம் ஒன்று. அப்படிக் கூட்டினால் ஓட்டம் மறுபடியும் மறைந்துவிடும். அவருடைய ஏற்பாட்டில் நாளின் முதல் தொடுகையில் இருந்து கடைசித் தொடுகை வரை ஒரே நேரம், இடைவேளை என்று பதிந்தது மட்டும் கழியும். கால் மணித்தியாலத்துக்கு உருட்டும் பழக்கம் இன்னொன்று, 4.53க்கு வந்தவரை 5 என்றும் 8.09க்குப் போனவரை 8 என்றும் எழுதினால் ஒரு நாளில் 16 நிமிடம் போகும். ஆறு மணித்தியாலம் தாண்டியதும் 30 நிமிடத்தைத் தானே கழிக்கும் பழக்கம் மூன்றாவது. எடுக்காத இடைவேளையைக் கழிப்பது தொழிலாளியின் நேரத்தை எடுப்பது. சட்டப்படியும் அது இடைவேளை கொடுத்ததாக ஆகாது. கணக்காளருக்கு இது பிடிக்கவில்லை. ஒவ்வொரு மாதமும் விளக்கம் கேட்டார், ஒவ்வொரு மாதமும் இவர் கொடுத்தார்.

வானில் ஜிபிஎஸ் பூட்டிவிட்டால் எல்லாம் தெரியுமே என்று கேட்பவர்களுக்கு அவர் லூனபுர்க் வழக்கைச் சொல்வார். ஒரு துப்புரவு நிறுவனம் தன் 18 வாகனங்களில் ஜிபிஎஸ் பூட்டி, ஒவ்வொரு ஓட்டத்தையும் 150 நாள் சேமித்து வைத்தது. 2019 மார்ச் 19இல் லூனபுர்க் நிர்வாக நீதிமன்றம் அதைத் தரவுப் பாதுகாப்புக்கு முரண் என்றது. வாகனம் களவு போவதைத் தடுக்கவும் வேலையை ஒழுங்கு செய்யவும் ஒருவரின் ஒவ்வொரு அசைவையும் இடைவிடாமல் சேமிக்கத் தேவையில்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. பேர்லினில் விரல்ரேகை வைத்து நேரம் பதிய மறுத்த ஒரு மருத்துவ உதவியாளரும் 2020இல் மாநிலத் தொழில் நீதிமன்றத்தில் வென்றார். நேரத்தைப் பதிவது வேறு, ஆளைப் பின்தொடர்வது வேறு. வில்லை தொட்ட கணத்தை மட்டும் சொல்கிறது. இடையில் எந்தத் தெருவில் நின்றார் என்று சொல்வதில்லை. அது போதும் என்பது அவர் முடிவு, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

நேரத்தைப் பதியும் கடமையைப் பற்றியும் தீர்ப்புகள் உண்டு. ஸ்பானியத் தொழிற்சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் 2019 மே 14இல், நாள்தோறும் வேலை நேரத்தை அளக்கும் நம்பகமான முறை ஒவ்வொரு முதலாளியிடமும் இருக்க உறுப்பு நாடுகள் வழிசெய்ய வேண்டும் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். 2022 செப்டெம்பர் 13இல் எர்ஃபுர்ட்டில் உள்ள ஜேர்மன் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம், இந்த நாட்டில் அந்தக் கடமை எல்லா முதலாளிகளுக்கும் ஏற்கனவே உண்டு என்றது. ஆனால் அதே நீதிமன்றம் அதே ஆண்டு மே 4இல் சொன்ன இன்னொரு தீர்ப்பைத்தான் அவர் தன் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். விநியோக வாகனம் ஓட்டிய ஒருவர் 348 மணித்தியால மேலதிக வேலைக்கு 5,222.67 யூரோ கேட்டார். இடைவேளை எடுக்க முடியவில்லை என்பது அவர் வாதம். நிறுவனத்தின் பதிவில் தொடக்கமும் முடிவும் மட்டுமே இருந்தன. அவர் தோற்றார். பதிய வேண்டியது முதலாளியின் கடமை என்றாலும், மேலதிக நேரத்துக்குக் கூலி கேட்கும்போது அந்த நேரம் வேலை செய்தேன், முதலாளி சொல்லியோ அவர் அறியவோதான் செய்தேன் என்று காட்ட வேண்டியது தொழிலாளிதான்.

ஆகவே நிறுவனம் எவ்வளவு நல்ல கருவி வைத்திருந்தாலும், அவர் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கொப்பியும் கொடுக்கிறார். ஐரோப்பாவில் இதை வாசிக்கும் பலருக்கு அம்மாவோ சித்தியோ அண்ணனோ இந்த வேலையில் இருப்பார்கள். அவர்களுக்கு மொழி தெரியாவிட்டால் நீங்கள் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுங்கள்: திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், உண்மையாக எடுத்த இடைவேளை, எந்தக் கட்டடத்தில் இருந்து எந்தக் கட்டடத்துக்கு யார் சொல்லிப் போனது. மாதச் சம்பளத் தாள் வந்ததும் கொப்பியை அதன் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தொழிற்சங்கத்துக்குப் போங்கள். ஜேர்மனியில் இந்தத் துறைக்குரிய சங்கம் ஐஜி பவ். கோரிக்கைகளுக்குக் காலவரம்பு உண்டு, ஆகவே அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.